கொடியில் தொங்கிய எலுமிச்சம்பழம்

அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்கள்: ஹவுஸ் ஓனரம்மா, முதல் போர்ஷனில் குடியிருந்த பாக்டரிக்காரர், அவர் மனைவி கன்னியம்மா, நான், சார். ஆறாவதாகத் துணிக்கொடியின் நட்டநடுவில் தொங்கிய எலுமிச்சம்பழம். ஆவடியிலேயே ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாத ஒரு மனிதரைப் பார்த்து இத்தனை பேர் நடுங்கியது அன்றைக்குத்தான்.

பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் எங்கள் குடியிருப்பு. மற்றதெல்லாம் குடும்பங்கள். கடைசி இரண்டு அறைகளில் நானும் சாரும், தனிக்கட்டைகள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனவன். கதவைப் பூட்டினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடி வருகிறவன். சார் கணக்கில் பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஏதோ கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். அவரைத் தேடி ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் கொடிக்கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பார்.

"சார், அறுந்து யார் கழுத்துலனா மாட்டிக்கப் போவுது."

"அறுந்துடாதுப்பா. இங்க பாரு. கயிறு அது இஷ்டத்துக்கு ஆடாது. அதுக்குன்னு சில வேகம் இருக்கு. மெதுவா ஆட்டினா ஒரு மேடு. வேகமா ஆட்டினா ரெண்டு மேடு. அந்த வேகத்தையெல்லாம் எண்ணா எழுதுறோம். ஐகன் மதிப்புன்னு பேரு. இப்ப கயித்துல ஒரே ஒரு புள்ளியில கனத்தை வெச்சா எந்த எண் மாறும், எது மாறாது? இதுக்குத்தான் என் அஞ்சு வருஷம் போச்சு."

"புள்ளி எங்க சார் கிடைக்கும்?"

அங்கேதான் தப்பு நடந்தது. அடுத்த நாள் காலையில் புள்ளிக்குப் பதிலாக ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டார். கொடியின் நடுப்பாகம் வெயில் நன்றாக விழும் இடம். ஓனரம்மா புடவையைத் தவிர வேறு துணி அங்கே காயக் கூடாது. போதாக்குறைக்கு அன்று அமாவாசை. சாருக்கு இரண்டும் தெரியாது.

"எவன்டா எனக்கு வெச்சது?" என்று ஓனரம்மா குரல் கொடுத்ததும் முற்றம் கூடிவிட்டது.

"நான்தாம்மா. கணக்குக்காக," என்றார் சார்.

"பழத்துல இன்னா கணக்கு? ரூமைக் காலி பண்ணு."

சாருக்கு முகம் செத்துப்போனது. அந்த அறையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. "ஒரு நிமிஷம். காட்டறேன்," என்று கயிற்றின் ஓரத்தைப் பிடித்தார். மெதுவாக ஆட்டினார். பழம் சோம்பலாக மேலும் கீழும் போய் வந்தது. "பாருங்க, இந்த ஆட்டத்துக்குப் பழம் பாரம். வேகம் குறைஞ்சுபோச்சு. இப்ப ரெண்டு மேடு." வேகமாக ஆட்டினார். இரண்டு பக்கமும் கயிறு பேயாட்டம் ஆட, நடுவில் பழம் மட்டும் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா? பழம் இருக்கிறதே இந்த ஆட்டத்துக்குத் தெரியாது," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

கன்னியம்மா குடத்தைக் கீழே போட்டாள்.

"கயிறு ஆடுது, பழம் ஆடலியே," என்றார் பாக்டரிக்காரர், இரண்டடி பின்னால் போய். "சாதா ஆளு வேலையில்ல ஓனரம்மா இது."

மாசக் கடைசியில் சார் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். வாசல் வரை நான்தான் போனேன். "இங்க யாருக்கும் ஒண்ணும் மாறாதுப்பா. பழம் எடுத்தா ரெண்டு மேட்டுக்கு இன்னா தெரியப்போவுது," என்றார். இரண்டு வருஷத்தில் அவர் 'இன்னா' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

உண்மைதான், ஒன்றும் மாறவில்லை. குழாயில் சண்டை, கொடியில் புடவை, எல்லாம் அப்படியே. நான் மட்டும் வேலை விட்டு வந்து பழம் இல்லாத கயிற்றை மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். வெடுக்கென்று ஆடியது. அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொடியின் நடுவில் மறுபடியும் எலுமிச்சம்பழம்.

"எவன்டா?" என்றார் ஓனரம்மா.

"நான்தாம்மா."

"உனக்கும் புடிச்சிகிச்சா?"

"ஆமாம்மா," என்று கயிற்றைத் தொட்டேன். சார் இருந்தபோது ஆடிய மாதிரியே, மெதுவாக ஆடியது.