முதுகு சொன்ன வழி

நீலச் சட்டைக்காரர் நேராகப் போய் ஒரு பல் மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டார். அவரையே நம்பிப் பின்னால் வந்த தையல்காரியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வேறு வழியில்லாமல் உள்ளே நுழைந்தார்கள்.

"யாருக்குப் பல்லு?" என்று கேட்டாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"எல்லாருக்கும் இருக்கு," என்றான் பதினான்கு வயது மகன்.

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு..." என்று இழுத்தாள் தையல்காரி.

மகன் அதற்குள் பல் அச்சுகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரியில் மூக்கை ஒட்டிவிட்டான். "அக்கா, இங்க வாயேன்! இவருக்குக் கடைவாய்ப் பல்லு குறுக்கால முளைச்சிருக்கு!" அவனை வெளியே இழுத்து வருவதற்குள் தையல்காரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாம் வாய் செய்த வேலை. காலையில் விடுதி அறையில் பிள்ளைகள் போனில் வரைபடத்தை விரித்து, திமிங்கல எலும்புக்கூடு வைத்திருக்கும் காட்சியகத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் சும்மா இருந்திருக்கலாம்.

"போனைப் பாத்துக்கிட்டே நடந்தா ஊரை எப்பப் பாக்கிறது? ஆளைப் பாத்து நடந்தாலே போதும். முதுகுத் தையலைப் பாத்து ஆளு எங்க போறான்னு நான் சொல்லிடுவேன்."

வருடக்கணக்காகச் சட்டை தைப்பவளுக்கு இது நெடுநாள் பெருமை. பதினேழு வயது மகள் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"சரி. போன் கிடையாது. யார்கிட்டயும் வழி கேக்கக்கூடாது. மூடுறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டா, அடுத்த வருஷமும் உன்கூடவே வர்றோம்."

"இல்லேன்னா?"

"நாங்க ஃப்ரெண்ட்ஸோட போயிடுவோம். நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போ."

அப்பா லீவு நாளில் சோபாவைவிட்டு நகராத மனிதர். மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தையல்காரியால் சிரிக்க முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இதுவே தன்னோடு வரும் கடைசிப் பயணமாகிவிடுமோ என்ற பயம் ரயில் ஏறியதிலிருந்தே அவளுக்கு இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் "அம்மா ஆரம்பிச்சுட்டா" என்பார்கள். எனவே போன்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வீராப்பாகப் புறப்பட்டாள்.

பல் மருத்துவமனைக்கு அப்புறம் ஒரு பச்சைக் கோட்டுக்காரி அகப்பட்டாள்.

"தோள் தையல் எவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு பாரு. கையில பையும் இல்லை. வேடிக்கை பாக்கத்தான் போறா. வாங்க!"

பச்சைக் கோட்டின் முதுகில் ஒரு மடிப்புத் தையல் லேசாக விட்டிருந்தது. அதிலிருந்து தையல்காரியால் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னும் நாலு தையல் ஓட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பின்னால் களுக்கென்று சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இருவரும் பரம சாதுக்களாக நின்றார்கள். தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

கோட்டுக்காரி இடதுபக்கம் திரும்பினாள். மறுபடியும் இடது. மறுபடியும் இடது. கடைசியில் மூச்சு வாங்க நின்று முறைத்தாள்.

"எதுக்குங்க என் பின்னாடியே வர்றீங்க? டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு என் வீட்டைச் சுத்தி நடக்கிறேன்."

"நாங்களும் அதுக்குத்தாங்க நடக்கிறோம்."

"யார் வீட்டைச் சுத்தி?"

தையல்காரி பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட்டமாக நடந்தாள்.

அடுத்து இரண்டு பழுப்புச் சட்டைகள் தென்பட்டன. ஒரே துணி, ஒரே வெட்டு. "காட்சியகத்து ஆளுங்களேதான்! சீருடை பாரு," என்று குதூகலித்தாள். அவர்கள் ஒரு லாரியருகே போய் நின்று திரும்பினார்கள்.

"வந்துட்டீங்களா! வீடு மாத்துறதுக்கு ஆளு பத்தலையேன்னு பாத்தோம். அந்த முனையைப் புடிங்கம்மா."

மறுப்பதற்குள் பீரோவின் ஒரு முனை அவள் கைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போவதுபோல மாடி மாடியாக ஏறினார்கள்.

உச்சி மாடி ஜன்னலில் ஊர் முழுவதும் தெரிந்தது.

"அம்மா, அந்த மொட்டைமாடியில கோழி வளக்குறாங்க! இது யாரைக் கேட்டு முட்டை போடும்?" என்று மகன் கத்தினான்.

"எதிர்வீட்டுக்காரரும் அடுத்த வீட்டுக்காரரும் ஒரே நேரத்துல துணி மடிக்கிறாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்குமா?" என்று மகள் ஜன்னலைவிட்டு நகராமல் நின்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் தையல்காரியும் அவர்களோடு சேர்ந்து எட்டிப் பார்த்திருப்பாள். இப்போது அவளுக்குச் சாய்ந்துகொண்டிருந்த வெயில் மட்டுமே தெரிந்தது. இறங்கி, கிடைத்த முதுகையெல்லாம் துரத்தினாள்.

"இந்தத் தெருவுக்கு ஏற்கெனவே வந்தோமில்ல?"

"இல்லையே!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"பெரிய ஊர்னா எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்," என்று மகள் சமாதானம் சொன்னாள். தோற்கப் போகிறவளுக்கு ஆறுதல் சொல்கிறாளாக்கும் என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் கால் ஓய்ந்து, ஏதோ ஒரு வாசல்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். உள்ளே மணி அடித்தது. பின்னால் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அன்றைக்கு முதல்முறையாக அவள் சட்டைக் காலருக்கு மேலே கண்ணை உயர்த்தினாள். வாசலுக்கு மேலே, தெருவின் பாதி அகலத்துக்கு, ஒரு திமிங்கலத்தின் படம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கண்ணில் நீர் முட்டியது.

"ஐயா, ஒரே நிமிஷம் உள்ள விடுங்க. எம்புள்ளைங்க இனிமே என்கூட எங்கயும் வரமாட்டாங்க. இதை மட்டுமாவது காட்டிடறேன்," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காவலாளியிடம் கெஞ்சினாள்.

பிள்ளைகள் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். காவலாளி அவர்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா கதை! காலையிலேருந்து நாலு தடவை இந்த வாசலைத் தாண்டிப் போனீங்க. ஒவ்வொரு தடவையும் நான் கூப்பிட வாயைத் திறந்தா, உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு, 'சொல்லிடாதீங்க, உள்ள போயிட்டா அம்மாகூட ஊர் சுத்துறது முடிஞ்சிடும்'னு கிசுகிசுத்துக் கையெடுத்துக் கும்பிட்டதே இதுங்க ரெண்டும்தான்!"