நூற்றுப் பன்னிரண்டரை லிட்டர் சாம்பார்

தும்முவதற்கு முன்னால் முறைப்படி அறிவிப்புக் கொடுக்கும் மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படிப்பட்டவரோடு மூன்று வருடம் வேலை பார்த்தேன். வலது கையைத் தூக்கி, "தும்மல். உள்ளே எதுவும் வேண்டாம். வெளியே ஒண்ணு" என்பார். பிறகுதான் தும்முவார். சில நேரம் அறிவித்துவிட்ட பிறகு தும்மல் வராது. அன்று முழுக்க மனிதர் வாக்குத் தவறியவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். நான் டைப்பிங் கற்றுக்கொடுத்தேன், அவர் சி என்ற கம்ப்யூட்டர் மொழி. கம்ப்யூட்டர்கள் இரண்டு. ஒன்று ஓடும், இன்னொன்று அழகுக்கு.

சி மொழியில் ஃபங்ஷன் என்பது ஒரு வேலைக்கு நியமித்த ஆள் மாதிரி. அவர் அந்த வேலையை எப்படிச் செய்வார் என்பதைப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் பெயர், அவரிடம் என்ன கொடுக்க வேண்டும், அவர் என்ன திருப்பித் தருவார் என்பதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அந்த வரிதான் புரோட்டோடைப். நம் ஆள் அந்த ஒரு வரியை ஆறு வாரம் நடத்துவார். அதுவே அவருக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கீழே பேக்கரியை ஒட்டியிருந்த முனுசாமியின் டீக்கடையிலும் இதே கதைதான். "டீ. உள்ளே சர்க்கரை ஒன்றரை ஸ்பூன். வெளியே ஒரு கிளாஸ், முக்கால் சூடு."

"இன்னா சார், டீ குடிக்க வந்தியா, மனு குடுக்க வந்தியா? பேஜாரா கீது உன்னோட" என்பான் முனுசாமி.

ஒருமுறை கோவிலம்பாக்கம் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். படிக்கட்டில் கால் வைக்கும் முன் கண்டக்டரிடம் அறிவிப்பை ஆரம்பித்தார். முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. "பரவாயில்ல சார், அறிவிச்சாச்சு. ஏர்றதை அடுத்த பஸ்ஸுல வெச்சுக்கலாம்" என்றார் என்னிடம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. மாணவர்கள் குறைந்துவிட்டார்கள். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் மேனேஜர், தன் ஆபீஸ் ஆட்களுக்கு சி கற்றுக்கொடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். அங்கே கேன்டீன் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று கண்டபடி எண் சொல்லிக்கொண்டிருந்ததாம். சென்டரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

சென்டர் முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இவர் ஆளுங்களை அனுப்பலேன்னா மாடில ஜெராக்ஸ் கடைதான். நீங்க ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்குங்க."

மேனேஜர் வந்தார். உட்கார்ந்தார். கரண்ட் போனது.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். புரோட்டோடைப் அசரவில்லை. "கரண்ட் எதுக்கு சார்? கேன்டீன் கணக்கு புரோகிராமை நாமளே ஓட்டிக் காட்டலாம்" என்று ஆளுக்கொரு வேலை கொடுத்தார். முதலாளிதான் மெயின், அதாவது எல்லோரையும் கூப்பிட்டு வேலை வாங்குபவர். "பின்ன, மெயின்னா நான்தானே" என்று அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ கொண்டுவந்த முனுசாமியையும் புரோட்டோடைப் பிடித்துப் போட்டார்: ஆள் எண்ணிக்கை கொடுத்தால் அவன் இட்லி எண்ணிக்கை தர வேண்டும். இட்லியைச் சொன்னால் சாம்பார் எத்தனை லிட்டர் என்று தருவது நான். நான் வேறு ஃபைல், அதாவது தனியாக எழுதி வைத்த புரோகிராம் துண்டு என்பதால் என்னைப் பக்கத்து டைப்பிங் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

நூற்றைம்பது பேர். "ஆளுக்கு மூணு. நானூத்தம்பது சார்" என்றான் முனுசாமி. அது சீட்டில் ஏறி என் அறைக்கு வந்தது. நாலு இட்லிக்கு ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டு, நூற்றுப் பன்னிரண்டரை என்று எழுதி அனுப்பினேன்.

முதலாளி படிக்க வாயெடுத்தார். "நிறுத்துங்க சார்!" என்றார் புரோட்டோடைப். குரலே மாறியிருந்தது. போர்டில் முனுசாமிக்கு ஒரு வரி இருந்தது. எனக்கு இல்லை. "டைப்பிங் சாருக்கு புரோட்டோடைப் எழுத மறந்துட்டேன். வரி இல்லேன்னா, முழு எண்தான் வரும்னு கம்ப்யூட்டர் தானா நினைச்சுக்கும். அரை, காலெல்லாம் அது எதிர்பார்க்காது. முழு எண் இருக்கவேண்டிய இடத்துல எது கிடக்கோ அதைப் படிச்சுடும். மேசை மேல என்ன கிடக்கு?"

"பஸ் டிக்கெட்டுய்யா."

"அந்த நம்பரைப் படிங்க."

"யோவ், சீட்டுல சரியாத்தானேயா இருக்கு!"

நான் ஓடி வந்தேன். "சார், ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்று அவர் காதில் கெஞ்சினேன்.

"போகட்டும் சார். தப்பான புரோகிராம் சரியான விடை சொல்லக் கூடாது."

முதலாளி அழாத குறையாகப் படித்தார்: "சாம்பார், இருபத்தோராயிரத்து நானூத்திப் பதினாறு லிட்டர்."

"செம்பாக்கம் ஏரில பருப்பக் கொட்னாத்தான் ஆவும்" என்றான் முனுசாமி.

மேனேஜர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "எங்க ஆபீஸ்லயும் இப்படியேதான் சார் வருது! மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை மெஷினையே மாத்தினோம். இந்த ஒரு வரியா?"

புரோட்டோடைப் அந்த வரியைப் போர்டில் எழுதினார். மறுபடி ஓட்டினோம். நூற்றுப் பன்னிரண்டரையை முதலாளி கீழே பேக்கரிக்குக் கேட்கும்படி படித்தார். மறு வாரமே மேனேஜரின் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஜெராக்ஸ் கடை வரவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. "டீ போடுறவனைக்கூட டிக்ளேர் பண்ணீங்க. என்னை மட்டும் எப்படி சார் விட்டீங்க?"

அவர் நின்று யோசித்தார். "தெரியல சார். உங்ககிட்ட ஒண்ணு குடுத்தா என்ன திரும்பி வரும்னு நான் யோசிச்சதே இல்ல. சரியாத்தானே வரும்?"

என்னைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை. மனசு சரியில்லாத நாட்களில் இன்றைக்கும் அதைத்தான் எடுத்து நினைத்துக்கொள்கிறேன்.