தும்மல் பாய் காவல் காத்த கம்ப்யூட்டர்

தூசியை முகர்ந்தே அது எந்த ஊர்த் தூசி, என்ன வயசு, யார் வீட்டிலிருந்து கிளம்பி வந்தது என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மரக்காணத்தில் எங்கள் உப்புக் கம்பெனி ஆபீசில் அவர் அட்டெண்டர். வாயால் சொல்லமாட்டார், தும்மிச் சொல்வார். அதனால் தும்மல் பாய் என்று பேர். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் வெளியே எடுத்ததில்லை.

ஒரு தும்மல் என்றால் லாரி கிளப்பிய செம்மண். இரண்டு என்றால் கோணிச் சாக்கு. மூன்று என்றால் யாரோ பழைய ஃபைலைப் பிரித்துவிட்டார்கள். ஏழுக்கு மேல் போனால் யாரோ முகத்துக்குப் பவுடர் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் பொய் சொல்வேன், எங்கள் மேனேஜர் நிறையவே சொல்வார், பாயின் மூக்கு மட்டும் சொன்னதே இல்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. உப்பு ஏற்றிய லாரி கிளம்பினால் செம்மண் பறக்கும். செம்மண் பறந்தால் பாய் ஒற்றைத் தும்மல் போடுவார். ஒற்றைத் தும்மல் கேட்டபிறகு எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்? இறங்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறி ஸ்டார்ட் பண்ணுவான். மறுபடி செம்மண், மறுபடி ஒற்றைத் தும்மல். ஒருநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு வண்டிகூட கேட்டைத் தாண்டவில்லை. மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாய்க்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அடுத்தவன் மனசு கலங்கக் கூடாது என்பதில் ரொம்ப நம்பிக்கை. அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு பேப்பர்த் திரி வைத்துக்கொண்டார். ஒரு தும்மல் வந்ததும் திரியை மூக்கில் விட்டுக் குடைந்து இன்னொன்றையும் வரவழைத்துவிடுவார். இரட்டைத் தும்மலுக்குத்தான் தோஷம் இல்லையே. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, "ரெண்டாச்சுப்பா, போய்ட்டு வா" என்று கேட்டைத் திறந்துவிடுவார். ஊரான் லாரிக்காகத் தன் மூக்கைக் குடைந்துகொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது என் கதை. எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயசு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தேன். வாய் மட்டும் அதற்கெல்லாம் முன்பே படிப்பை முடித்திருந்தது. அப்பா திண்டிவனத்தில் ரைஸ்மில் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தக் கல்யாணத்தில் துளியும் இஷ்டமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர் உப்புக் கம்பெனி, லாரி லோடு சீட்டு அடிக்கிறதுக்காக மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா இறங்கி வந்தார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்.

"அந்த மெஷினு இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் போ. அது போச்சுன்னா திண்டிவனம்தான். பாண்டிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போற கதையெல்லாம் இங்க வேணாம்."

ஆக, என் வருங்காலம் மொத்தமும் ஒரு தகரப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மரக்காணத்துக் காற்றுக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகவில்லை. கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும், உப்பளம் உப்பைத் தூவும், லாரிகள் செம்மண்ணைச் சேர்க்கும். மூன்றும் கலந்து உட்கார்ந்தால் தோசைக்கல்லில் தீய்ந்த மாவு மாதிரிதான், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது மாதமே மெஷின் படுத்துவிட்டது. மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி, அதன் நடுவில் சொகுசாகச் செத்துக்கிடந்தது ஒரு பல்லி. "இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சே, அதை என்ன பண்ணீங்க?" என்று என்னைக் கேட்டார். சுத்தம் செய்து ஓடவைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் பாண்டிச்சேரி ஹெட் ஆபீசிலிருந்து லெட்டர் வந்துவிட்டது. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் மெஷினுக்குள் தூசி இருந்தால் அதைப் பாண்டிக்கே கொண்டுபோய்விடுவார்களாம்.

நான் ஃபைல் ரூமுக்குள் போய் அழுதேன். என்னைத் தேடிக்கொண்டு வந்த பாய் வாசற்படியிலேயே மூன்று தும்மல் போட்டார். ஆறுதலாக ஒன்றும் சொல்லத் தெரியாது அவருக்கு. "கண்ணத் தொடைம்மா. இனிமே அந்தப் பொட்டி என் பொறுப்பு" என்றார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் ஆபீசுக்குச் சனி.

கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டும் வந்தன. உள்ளே போகிறவர்கள் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மேனேஜருக்கும் விலக்கு இல்லை. அவர் ஷூ, சாக்ஸ் போடுகிறவர், ஒரு நாளைக்கு ஆறு தடவை கழற்றி மாட்டியதில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "யோவ் பாய், இது ஆபீஸா இல்ல கோயிலா?" என்று கத்தினார். "ரெண்டும் இல்ல சார், இது ஆஸ்பத்திரி" என்றார் பாய். சுவருக்கு அடிக்கிற பெயின்ட் பிரஷ் ஒன்று, தேய்ந்த டூத் பிரஷ் இரண்டு, கோழி இறகு ஒரு கட்டு என்று ஆயுதங்கள் வேறு. நான் ஒரு லெட்டர் டைப் பண்ணி முடிப்பதற்குள் என் விரலுக்கு நடுவில் இறகை விட்டு இரண்டு முறை பெருக்கிவிடுவார். எனக்குக் கூச்சத்தில் ஒரு வரியை மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும்.

இதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. ஐப்பசி பிறந்தது. மழைக்கு முன்னால் உப்பளத்தில் குவியல்களை ஓலை போட்டு மூடுவார்கள். இண்டு இடுக்கு விடாமல் வேய்ந்துவிட்டால் புயலே வந்தாலும் உள்ளே உப்பு பத்திரமாக இருக்கும். ஜன்னல் வழியாக இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் பாய். மூன்றாம் நாள் பஸ் சீட்டுக்குப் போடுகிற ரெக்சினில் ஒரு உறை தைத்துக்கொண்டு வந்துவிட்டார். டைலரிடம் மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொன்னாராம். பெட்டிக்கு அச்சாக உட்கார்ந்தது. பின்பக்கத்து ஓட்டைகளுக்கெல்லாம் சைக்கிள் ட்யூபை வெட்டிப் பசை போட்டு ஒட்டினார். பெட்டி வேலை செய்யும்போதும் உறையைக் கழற்றக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

"அங்க அம்மாம் பெரிய குவியலே உள்ள பத்திரமா இருக்குது. இது எம்மாத்திரம்?" என்றார். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, அல்லாவும் முருகனும் சாட்சி.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. பச்சை எழுத்தெல்லாம் நடுங்கி, திரை அப்படியே அணைந்துபோனது. உறைமேல் கையை வைத்தேன், இட்லிக் குண்டானைத் தொட்ட மாதிரி சுட்டது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் திண்டிவனம் ரைஸ்மில் தெரிந்தது.

அன்றைக்கு நான் பேசியதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "கேட்டைத் திறந்து மூடுற வேலையோட நிக்கக் கூடாதா? தெரியாத வேலையில எதுக்குக் கையை வைக்கிறீங்க? என் வாழ்க்கையே போச்சு உங்களால" என்றேன். அப்பா வயசு மனிதரை, மொத்த ஆபீசும் கேட்க. பாய் உறையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் லாரி இரண்டு கிளம்பியும் தும்மல் சத்தமே கேட்கவில்லை.

நல்லவேளை, ட்யூபையெல்லாம் பிய்த்தெடுத்துவிட்டு ஆறவிட்டதும் சாயங்காலம் மெஷினுக்கு உயிர் வந்தது. ஹெட் ஆபீசுக்கு எழுதும் ரிப்போர்ட்டில் மேனேஜர் இதைச் சேர்க்கவில்லை. பொய் சொல்வதில் அவருக்கிருந்த பழக்கம் அன்றைக்கு ஒரு நாள் எனக்கு உதவியது.

மறுநாள் காலையில் நான் போனபோது பாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஊதுவத்தி. போச்சுடா, மனிதர் மந்திரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். மெஷினைப் போடச் சொன்னார். போட்டேன். ஊதுவத்தியைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனார். புகை படார் என்று வெளியே தள்ளப்பட்டது. முன்பக்கம் கொண்டுவந்தார். ஃப்ளாப்பி போடுகிற வாய் இருக்கிறதே, அதற்குள் புகை நூல் பிடித்த மாதிரி நேராக உள்ளே போனது.

"பாத்தியாம்மா? இது மூச்சு விடுது. முன்னால இழுத்து பின்னால விடுது. உப்புக்கு மூச்சு கெடையாது, மூடினா சும்மா கெடக்கும். இதுக்கு இருக்குது. நான் மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். மன்னிப்புக் கேட்க எனக்கு அது நல்ல சமயம். கேட்கவில்லை. வாய் நீளமானவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் சட்டென்று வராது.

அப்புறம் அவர் செய்ததுதான் வைத்தியம். பின்பக்கத்தைத் தொடவே இல்லை. மேஜையை லாரி வரும் பக்கத்து ஜன்னலிலிருந்து எதிர்மூலைக்குத் தள்ளினார். பெட்டியின் முன்பக்க அளவுக்குக் கம்பியை வளைத்து, தன் பழைய வெள்ளை மல் வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாகத் தைத்து மாட்டினார். மற்ற சின்னச் சின்ன இடுக்குகளை மட்டும் ஒட்டி அடைத்தார். மூச்சுக்காற்று எல்லாம் வேட்டி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஃப்ளாப்பி போடும்போது புதுப்பெண் முக்காட்டை விலக்குகிற மாதிரி துணியை ஒதுக்கி, போட்டு, மூட வேண்டும். தினம் மத்தியானத் தொழுகைக்குப் போகும்போது அன்றைய துணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாற்றுத் துணியை மாட்டிவிடுவார். வீட்டில் துவைத்து, உப்புக்காற்று படாமல் அடுப்பங்கரைக்குள் காயவைத்து, மறுநாள் கொண்டுவருவார். ஆறு மாதத்தில் இரண்டு வேட்டி கரைந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. பாண்டியிலிருந்து ஒரு ஆபீசரும் அந்தப் பழைய இன்ஜினியரும் வேனோடு வந்தார்கள். மெஷினைக் கட்டிக் கொண்டுபோக வேனில் வைக்கோலும் கயிறும் தயாராக இருந்தன. ஆபீசர் முகத்தில் ஒரு டப்பாப் பவுடர். காலைக் கழுவச் சொன்ன பாயை முறைத்துவிட்டுக் கழுவினார்.

இன்ஜினியர் மூடியைக் கழற்றினார். விரலால் உள்ளே தடவிப் பார்த்தார், விரல் சுத்தமாக இருந்தது. எப்போது திறந்து துடைத்தீர்கள் என்று கேட்டார். திறக்கவே இல்லை என்றேன். ஆபீசர் நம்பவில்லை. மேலாகத் துடைத்திருப்பார்கள், அடியில் பாருங்கள் என்றார். அப்போது மேனேஜர் ஒரு காரியம் செய்தார். "எங்க பாய் மூக்கு பொய் சொல்லாது சார். பாய், நீங்க மோந்து பாருங்க" என்றார்.

பாய் குனிந்து, மூக்கைப் பெட்டிக்குள் விட்டு, நன்றாக இழுத்தார். நிமிர்ந்தார். நாங்கள் எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தோம். மூக்கு நுனி சிவந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தும்மவில்லை. கழற்றி வைத்திருந்த துணியை மட்டும் எடுத்து ஆபீசர் கையில் கொடுத்தார். வெளி மடிப்பு காவி நிறத்துக்கு மாறியிருந்தது. உள்மடிப்பு வெள்ளை வெளேர் என்றிருந்தது. இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க மெட்ராஸ் ஆபீஸ் மெஷினே இவ்ளோ சுத்தமா இல்ல சார்" என்றார். வேன் வைக்கோலோடு திரும்பிப் போனது.

பாயைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், உப்புக் குவியலுக்குப் பின்னால் நின்று தும்மிக்கொண்டிருந்தார். பதினொன்று வரைக்கும் எண்ணினேன். உள்ளே தூசி இருந்ததா என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"உள்ள ஒண்ணுமில்லம்மா. அந்தாளு பவுடரு. அங்க தும்மியிருந்தா பொட்டி மேல பழி போட்டிருப்பாங்க" என்றார்.

அப்போதுதான் அந்த வார்த்தை எனக்கு வந்தது. அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். கையை ஆட்டினார்.

"நான் மஸ்கட்டுக்குப் போயி எட்டு மாசத்துல திரும்பி வந்தவம்மா. அங்க மண்ணு ஒத்துக்கல, தும்மல் நிக்கல, அனுப்பிட்டாங்க. பொட்டியோட நம்ம பஸ் ஸ்டாண்டுல எறங்கினேன். வீடு கூப்பிடு தூரம்தான். சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். வேலை போச்சுன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உள்ள போறது? அது ஒனக்கு வேணாம்னு நெனச்சேன்."

எனக்கு மூக்கை உறிஞ்சத்தான் முடிந்தது.

திண்டிவனம் ரைஸ்மில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டது. நான் அந்த ஆபீசில் பல வருஷம் வேலை பார்த்தேன். நாலு வருஷம் கழித்து, வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று சொன்ன ஒருவரை எனக்குப் பிடித்துப்போய்க் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வீட்டில் முதல் பத்திரிகையைச் சாமிக்குத்தான் வைப்பார்கள். அப்பா மஞ்சள் தடவி அடுக்கி வைத்திருந்ததில் மேலே இருந்ததை உருவிக்கொண்டு போய், சாமிக்கு வைப்பதற்கு முன்பே நான் பாயிடம் கொடுத்துவிட்டேன்.