மேகமாறன் சித்திரையில் பெய்வித்த மழை குறித்து

மரக்காணம்,
ஞாயிறு தொடங்கி வெள்ளி முடிய எழுதியது

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு, உப்பளத்துக் கூலி மாயவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும். முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்கவும். உப்பு வாரும் பலகையைப் பிடித்தே பழகிய கை. பேனா பிடித்திருப்பது அதற்குத் தெரிவதில்லை, அதனால் அழுத்திப் பிடிக்கிறேன். இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. வரிகள் போகப் போகக் கடல் பக்கமாகச் சரிகின்றன. நான் எழுத்துக் கற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதியோர் வகுப்பில் பாடப்புத்தகம் முடிந்துபோனதால், எழுத்து பெரிதாக இருக்கிறதென்று கீதாஞ்சலி டீச்சர் தாங்கள் வெளியிட்ட ‘மேகமாறன்’ நாவலைக் கொடுத்தார். சினிமாவாக வந்த கதையைத்தான் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். நாங்கள் சினிமாவைப் பார்க்கவில்லை. பின்அட்டையில் ‘வாசகர் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன’ என்று போட்டு விலாசமும் கொடுத்திருக்கிறீர்கள். இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு பேசாமல் இருப்பது சரியில்லை. ஆகவே எங்கள் அளத்துக் கருத்தை எழுதுகிறேன்.

காலையில் உப்பு வாரிவிட்டுக் கஞ்சி குடிக்கும் நேரத்தில் நான் கூட வேலை செய்பவர்களுக்குத் தினம் ஒரு பக்கம் சத்தமாகப் படிப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது, அவர்களுக்கும் கஞ்சி தீர்ந்துவிடும். மேகமாறன் மாடியிலிருந்து ஒற்றைக் கையால் தொங்குவதைத் தாங்கள் நான்கு பக்கம் எழுதிவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை தொங்க ஆரம்பித்தவர் வெள்ளிக்கிழமைதான் மேலே ஏறினார். எங்களோடு உப்பு வாரும் தனகோடி தினமும் வரப்பில் வரும்போதே, “இன்னுமா மாமா தொங்கறான்? கை வலிக்காது அந்தப் புள்ளைக்கு?” என்று கேட்பாள். வியாழனன்று சகாதேவன், “அவனுக்குத்தான் பறக்கத் தெரியுமே, உட்டுடச் சொல்லு” என்றான். இது நியாயமான கேள்வி என்பது எங்கள் முதல் கருத்து.

இரண்டாவது, டாக்டர் கானல். பெரிய பெரிய கண்ணாடிகளை நிறுத்தி வெயிலைக் கூட்டிக் கடலையே வற்ற வைக்கிறேன் என்கிறார். தாங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்து எழுதியிருப்பது வெகுநாள் எங்களுக்குத் தெரியாது. கடல் வற்றினால் எவ்வளவு உப்பு, அவ்வளவையும் யார் வாருவது என்று இங்கே ஆள் பிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நம்மால் ஆகாது, கூனிமேட்டிலிருந்தும் ஆள் கூப்பிட வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அப்போதுதான் தாங்கள் மழையைக் கொண்டுவந்தீர்கள். மறுநாள் படிக்க வேண்டிய பக்கத்தை நான் முந்தின சாயங்காலமே எழுத்துக் கூட்டிப் பார்த்து வைப்பது வழக்கம். அதில் மேகமாறன் கையைத் தூக்குகிறார், கரை முழுக்கக் கொட்டுகிறது. மாதம் சித்திரை என்றும் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். சித்திரையில் பாத்தியெல்லாம் உப்பு பூத்து நிற்கும். ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்து, மறுபடி தண்ணீர் கட்டி, வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும். இதை எப்படி அவர்களிடம் படிப்பது? எனவே மழை என்று வந்த இடத்திலெல்லாம் வெயில் என்று படித்தேன். ‘வானம் பிளந்து வெயில் கொட்டியது’ வரைக்கும் சரியாக இருந்தது. ‘மக்கள் வெயிலில் நனைந்தபடி ஆடினார்கள்’ என்றும் படிக்க வேண்டி வந்தது.

என்னோடு வகுப்பில் படிக்கும் பூங்குழலி கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். “வெயில்ல எப்படிப் பெரிப்பா நனைவாங்க?” என்று எழுந்து வந்து பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “மழைன்னு போட்டிருக்குது” என்றாள். உடனே எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் போய் உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தனகோடி மட்டும் என்னைப் பார்த்தாள். “எழுதனவன் பொய் சொன்னா அது அவன் கதை மாமா. படிக்கிற நீ சொல்லலாமா?” என்றாள்.

அன்றிலிருந்து என்னைப் படிக்கச் சொல்வதில்லை. சத்தமில்லாமல் கஞ்சி குடிக்கிறார்கள். அறுபது வருடம் பிறர் படிக்க நான் கேட்டவன். நான் படிக்க நாலு பேர் கேட்டது இந்த ஒரு தடவைதான். ஆகவே தயவுசெய்து அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி அச்சடித்து அனுப்பவும். மழையை ஐப்பசிக்குத் தள்ளிவைத்தால் போதும். இப்போதே பெய்துதான் ஆக வேண்டுமென்றால் வானூர் பக்கம் பெய்யட்டும், அங்கே பயிர் வைத்திருக்கிறார்கள். வந்ததும் ஒட்டிவைத்துப் படித்து என் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

தங்கள் அச்சகத்தில் தாள் நனையாமலும் மை காயாமலும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் மாயவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அளத்தில் படித்துக் காட்டினேன். பூங்குழலி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். மேலே கேட்ட பக்கத்தை அனுப்ப வேண்டாம். “மழைய எடுத்துட்டா அப்புறம் எழுதனவனை என்னன்னு திட்டறது?” என்று தனகோடி கேட்டாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. மழை அப்படியே இருக்கட்டும். இனிமேல் படிப்பது பூங்குழலி என்றும் முடிவாகிவிட்டது. இன்று ஆரம்பித்துவிட்டாள். ஒரே நாளில் மூன்று பக்கம் படிக்கிறாள், யாரும் தொங்குவதில்லை. அவர்கள் திட்டுவதை ஒன்று விடாமல் தங்களுக்கு எழுதி அனுப்புவது என் வேலை. இன்றைக்கு மட்டும் நிறையச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் கிடைக்கும்படி இப்போதே எழுத உட்காருகிறேன்.