பேசாமல் இருந்ததற்கு ஒரு முத்திரை

மரியாதையும் பயமும் சரிபாதியாகக் கலந்த வணக்கத்துக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பியின் மூத்த மகள், நீங்கள் செல்லமாகவும் அப்பா கோபமாகவும் கூப்பிடும் அதே ‘வில்லங்கம்’, எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், மாமாவின் குறட்டை குறையாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. மூன்று பேர் நலம். நாலாவது ஆள் நலமா என்று பார்க்கத்தான் வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். காது, தொண்டை, மூளை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அத்தை, தங்கச்சிக்கு ஒரு வியாதியும் இல்லை. அவளுக்கு வந்த வியாதியே நான்தான்.

இதைப் போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். என் போன் அப்பாவின் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஆயுள் தண்டனையில் இருக்கிறது. அம்மா போனில் பேசலாம் என்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள்; நான் பாவமன்னிப்புக் கேட்பதை மாமாவும், உங்கள் வீட்டுக்குக் குழாய் ரிப்பேருக்கு வந்தவரும் சேர்ந்து கேட்பார்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன், நடுவில் திட்டாமல் படியுங்கள். போன மாதம் எங்கள் அடுக்குமாடியின் கீழே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ‘நாளை தண்ணீர் வராது’ என்று நான் சும்மா ஒரு வரி எழுதினேன். சும்மாதான். ஆனால் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வாளி, அண்டா, குக்கர், குழந்தை குளிக்கிற தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்ததில் மேல்தொட்டி காலியாகி, மறுநாள் உண்மையாகவே தண்ணீர் வரவில்லை. நான் சொன்னது பலித்ததற்குப் பாராட்டு வரும் என்று பார்த்தால், அப்பா என் சைக்கிளை மாடிப்படிக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டி, "கணக்குல எண்பது வாங்கு, சாவி தரேன். வாங்கலைன்னா அது அங்கயே துருப்பிடிக்கட்டும்" என்றார். உங்கள் தம்பிக்குத் தண்டனையில் எவ்வளவு நம்பிக்கை என்று உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரம் பால்கனியில் நிற்க வைப்பார். நான் அங்கே நின்று எதிர்வீட்டு டிவியில் பாதிப் படம் பார்த்துவிட்டு வருவேனே தவிர திருந்தி வந்ததில்லை. போனைப் பிடுங்குவார், நான் பீரோ சாவி இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்வேன். பதினைந்து வருஷத் தண்டனையில் நான் பழுதில்லாமல் படித்து முடித்த பாடம் ஒன்றுதான்: மாட்டிக்கொள்ளக் கூடாது.

சரி, எண்பது வாங்க வேண்டும். படிக்க நேரம் நாலு மணியிலிருந்து ஏழு மணி. அந்த நேரத்தில் அப்பா பார்சல் ஆபீஸில், அம்மா பல் டாக்டர் கிளினிக் வாசல் மேஜையில், வீட்டில் நானும் ரேடியோவும். ரேடியோ என்றால் வாங்கிய ரேடியோ இல்லை, பெற்ற ரேடியோ. ஐந்து வயசு, நிறுத்துகிற பித்தான் கிடையாது. நான் ஒரு கணக்கை எடுத்தால் போதும், "அக்கா, மீனுக்குத் தாகம் எடுத்தா என்ன பண்ணும்? அக்கா, நிழலுக்கு ஏன் மூக்கு இல்ல? அக்கா, நேத்து எங்க போச்சு?" நேற்று எங்கே போச்சோ தெரியாது, என் மார்க்கு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் பார்த்து வகுப்பில் ஒரு பாடம் நடத்தினார்கள். ஒன்றைச் செய்ததற்குப் பரிசு கிடைத்தால் அந்தப் பழக்கம் வளரும், தண்டனை கிடைத்தால் தேயும். பெட்டிக்குள் இருக்கிற எலி கட்டையை அழுத்தினால் தீனி விழும், தீனிக்காகவே எலி நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எலி இல்லை அத்தை. தங்கச்சி இருந்தாள்.

தீனியும் இருந்தது. அப்பா ஆபீஸில் கழித்துக் கட்டிய ரப்பர் முத்திரைகளைச் செருப்பு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், ஊதா மை அட்டையோடு. ‘பெறப்பட்டது’, ‘அவசரம்’, ‘உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்’, ‘முகவரி தவறு’. ரேடியோவுக்கு அதைப் பார்த்தாலே எச்சில் ஊறும். நான் சட்டம் போட்டேன். கால் மணி நேரம் பேசாமல் இருந்தால் நான் பாயில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் துடைத்து, அவள் கேட்கிற முத்திரையைக் குத்துவேன். பேசினால் உள்ளங்கையில் ‘முகவரி தவறு’. அதோடு நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். முதல் நாள் நாலு நிமிஷம் தாங்கினாள். நாலாம் நாள் கால் மணி. ரெண்டாவது வாரம் மூணு மணி நேரமும் வீடு நூலகம் மாதிரி ஆயிடுச்சு. நான் கணக்கில் எண்பத்துநாலு. அப்பா சாவியைக் கையில் கொடுத்துட்டு அம்மாகிட்ட, "பாத்தியா, சங்கிலி போட்டதாலதான் பொண்ணு படிச்சா" என்று மார்தட்டினார். நானும் ஆமாம்பா, சங்கிலிதான்பா என்றேன். சைக்கிள் கிடைத்த கையோடு இந்தக் கூத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அமைதி ருசி கண்டுடுச்சு அத்தை.

சோதனை வேற வெச்சேன். "ரேடியோ, இன்னிக்கு என்ன கிழமைடி?"ன்னு தேன் ஒழுகக் கேப்பேன், பாவம் "செவ்வாய்"ன்னு வாயத் திறப்பா, டக்குன்னு உள்ளங்கையில ‘முகவரி தவறு’. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்ப நெனச்சா சிரிப்பு வரல. ஞாயித்துக்கிழமை முழுக்கப் பேசலைன்னா தோள் வரைக்கும் முத்திரைன்னு சலுகை அறிவிச்சேன். இதை அம்மா அப்பாகிட்ட சொன்னா குத்தின எல்லாம் அழிச்சிடுவேன்னு மிரட்டல் வேற. கையில இருக்கிற மையை அவங்க விளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டாங்க. அவ ரெண்டையும் ஒழுங்கா கேட்டுக்கிட்டா. என்னை மாதிரி ஓட்டை கண்டுபிடிக்கத் தெரியாது அவளுக்கு.

அத்தை, இதுவரைக்கும் எழுதினது சுலபம். இதுதான் முடியல. ஒரு நாள் சாயங்காலம் நான் எழுதிட்டிருக்கேன், பின்னாடி டிராயர் மூடுற சத்தம் கேட்டுது. திரும்பிப் பாக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு என் முதுகுப் பக்கம் வந்து நின்னா. மூஞ்சி சிவந்து, கண்ணு ரெண்டும் குளம், ஒரு கையால இன்னொரு கை விரலைப் பொத்திப் பிடிச்சிருக்கா. விரல் டிராயர்ல மாட்டியிருக்கு, நகம் கறுத்துப்போச்சு. கத்தல. "அக்கா"ன்னு கூடச் சொல்லல. சுவத்துக் கடிகாரத்தைக் காட்டினா. கால் மணி ஆக இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துது. அந்த ரெண்டு நிமிஷமும் நின்னா அத்தை, முள்ளு வந்ததும்தான் அழுதா, அதுவும் சத்தம் வராம. அப்புறம் பக்கத்துல உக்கார வெச்சுத் தண்ணியில கையை முக்கினேன், அதெல்லாம் செஞ்சேன். ஆனா அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சபாஷ்னு சொல்லி ரெண்டு முத்திரை குத்தினேன். ‘பெறப்பட்டது’ ஒண்ணு, ‘அவசரம்’ ஒண்ணு.

அன்னிலேர்ந்து அவ யார்கிட்டயும் பேசறதில்ல. அதுக்குள்ள பள்ளிக்கூடச் சேர்க்கை வந்துடுச்சு. தலைமையாசிரியை அறையில நாங்க நாலு பேரும் வரிசையா உக்காந்திருந்தோம். "உன் பேர் என்ன செல்லம்?" மௌனம். "என்ன கலர் பிடிக்கும்?" மௌனம். "நாய்க்குட்டி எப்படிக் குரைக்கும்?" அதுக்கு அப்பாவே குரைச்சுக் காட்டினார், சீட்டு கிடைக்கணுமே. ரேடியோ மட்டும் நல்ல பிள்ளையா நிமிந்து உக்காந்து, கேள்வி முடிஞ்சதும் சட்டைக் கையை மடிச்சுவிட்டுத் தலைமையாசிரியை முன்னால கையை நீட்டினா. அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்"னு வாசிச்சாங்க. அப்பா, "நான் பார்சல் ஆபீஸ்லங்க"ன்னார், அதுல எல்லாம் விளங்கிடும்கிற மாதிரி. பத்து நாளுக்குள்ள குழந்தை வந்து நாலு வார்த்தை பேசணும், இல்லைன்னா டாக்டர் ரிப்போர்ட் வேணும், ரெண்டும் இல்லைன்னா இடம் அடுத்த பிள்ளைக்குன்னுட்டாங்க. அதுல நாலு நாள் போயாச்சு.

வீட்டுல நடக்கிற கூத்தைக் கேளுங்க. அப்பா பேசுற பொம்மை ஒண்ணு வாங்கிட்டு வந்தார். "பேசினா பொம்மை, பேசலைன்னா பொம்மை கிடையாது"ன்னு அலமாரி மேல வெச்சுட்டார். அதுல பாட்டரி கோளாறோ என்னவோ, தானா "வணக்கம்! நாம விளையாடலாமா?"ன்னு கால் மணிக்கு ஒரு தடவை கூவுது. எங்க வீட்டுல இப்ப பேசுற ஒரே குழந்தை அதுதான். நானும் சட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். "பேசுடி தங்கம், வார்த்தைக்கு ஒரு முத்திரை"ன்னேன். அவ என் மூஞ்சியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டா. இதுவும் சோதனைன்னு நெனச்சுக்கிட்டா. நெனக்காம? நான் வெச்ச சோதனை அப்படி.

நேத்து அம்மா பாத்திரம் கழுவுற இடத்துல குழாயைத் திறந்துவிட்டு அழுதுட்டிருந்தாங்க. "அவ பேசறப்பல்லாம் வாய மூடு வாய மூடுன்னேனே, அது பலிச்சிடுச்சுங்க"ன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா அவங்க தோள்ல கை வெச்சுக்கிட்டு நின்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஒரு வார்த்தை, ‘நான்தாம்மா’ன்னு ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல வாய் வரல அத்தை. சொன்னா என்ன கிடைக்கும்னு பதினஞ்சு வருஷமா பழகின வாய்.

ஆகவே உங்களிடம் என் விண்ணப்பம். ஒன்று, டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யுங்கள். குகை மாதிரி மெஷினுக்குள் அவளைப் படுக்க வைத்தால் அங்கேயும் அழாமல் கடிகாரத்தைத் தேடுவாள். இரண்டு, இதையெல்லாம் அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள். உலகத்தில் அவர் பயப்படுகிற ஒரே ஆள் அவருடைய அக்கா. மூன்று, தண்டனையைக் கொஞ்சம் பேசி முடியுங்கள். சைக்கிளைத் திரும்பப் பூட்டட்டும், போன் பீரோவிலேயே ஓய்வு பெறட்டும், பால்கனியில் பாயே போட்டுக்கொள்கிறேன். ‘இனிமே அவளை இவகூடத் தனியா விடாதே’ என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அதைச் சொன்னால் நியாயம்தான். இருந்தாலும் வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். உங்கள் முழங்காலுக்கு என் மரியாதை. நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும், குறிப்பாக வெள்ளிக்கிழமை வரை என் பக்கம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எந்தத் தண்டனைக்கும் தயார் என்று எழுத்தில் மட்டும் சொல்லிக்கொள்ளும்
வில்லங்கம்

பி.கு.: மேலே எழுதின எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள் அத்தை. தபால் தலை ஒட்டியாச்சு, உறை வீணாகக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன். இவ்வளவு நேரமும் கூடத்துப் பாயில் உட்கார்ந்துதான் எழுதினேன். ரேடியோ எப்ப வந்து பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்தான்னு கவனிக்கல. நான் பேனாவை மூடினதும், "முடிஞ்சுதா அக்கா?"ன்னா. கை பழக்கதோஷத்துல முத்திரை டப்பாவுக்குப் போச்சு. அவ கையைப் பின்னால இழுத்துக்கிட்டா. "அது வேணாம். நான் பேசினா நீ எழுந்து போவியா?"

"மாட்டேன்டி."

"தாழ்ப்பா போட மாட்டியே?"

"மாட்டேன்டி தங்கம். முத்திரை ஏன்டி வேணாம்? உனக்குப் பிடிக்குமே?"

"அது குத்துறப்பதானே நீ பக்கத்துல வந்து உக்காருவே" என்றாள்.

அந்த எலி தீனிக்குத்தான் அழுத்திச்சுன்னு புத்தகத்துல போட்டிருக்கான் அத்தை. எலிகிட்ட யாரு கேட்டா?

அதனால டாக்டர் வேண்டாம், நீங்க மட்டும் வெள்ளிக்கிழமை வாங்க. அப்பாகிட்டயும் நீங்க சொல்ல வேண்டியதில்லை. அஞ்சு நிமிஷமா அவளே சமையலறையில நின்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டிருக்கா. அம்மா நடுவுல ஒரு தடவை சத்தமா சிரிச்சாங்க, இல்ல அழுதாங்களா, இங்கேருந்து தெரியல. இப்ப டிராயர் கதைக்கு வந்துட்டா. அப்பா டம்ளரைக் கீழ வெக்கிற சத்தம் கேட்டுது. "அடியே, இங்க வா"ன்னு அம்மா கூப்பிடுறாங்க. போய் அவ பக்கத்துல உக்காந்துக்கிறேன்.