கோமளவல்லி ஆடிய ஆட்டம்

யானைக்கு நன்மை செய்வதில் எங்கள் ஊரை மிஞ்ச இந்தப் பூமியில் இன்னோர் இடம் கிடையாது. காட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காட்டில் யானைக்கு மரம் உண்டு, ஆறு உண்டு. கிரானைட் உண்டா?

குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயில் யானையின் பெயர் கோமளவல்லி. வயது நாற்பது, எடை மூன்று டன். அதன் நலனைக் காக்க ஒரு குழு உண்டு. தலைவர் நடராசன், உறுப்பினர் ஐவர், குறிப்பேடு எழுத நான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு வேறு வேலை இருக்காது என்பது குழு ஒருமனதாக எடுத்த முதல் முடிவு.

ஊரில் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மீதிப் பாதி, அவர்கள் பெயரை வாசித்துக்கொண்டு இருக்கிறோம். கோயில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று அண்ணன் தம்பிகளின் பெயர். மின்சாரம் போனால்தான் வாசிக்க முடியும். அந்த வசதியை அரசாங்கம் தினமும் செய்து தருகிறது.

2003ஆம் ஆண்டு துபாய் ராஜராஜன், யானைக் கொட்டகையின் மண் தரையை மாற்றிக் கறுப்புக் கிரானைட் பதித்துக் கொடுத்தார். நட்டநடுவில் அவர் பெயர். ஓர் எழுத்து ஒரு முழம். பாகன் அரசப்பன் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்து, "வழுக்குமேங்க" என்றார். இதை அவருடைய நன்றியுரையாகப் பதிவு செய்தோம்.

மூன்றாம் மாதம் அந்த ‘அற்புதம்’ நிகழ்ந்தது. கோமளவல்லி ஆடத் தொடங்கியது. இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, தலையை அசைத்து, துதிக்கையை வீசி, காலை முதல் மாலை வரை ஆடியது. நாங்கள் கைதட்டினோம். வெளியூர்களிலிருந்து வேன்களில் வந்து கைதட்டினார்கள். வீடியோ எடுத்துத் துபாய்க்கு அனுப்பினோம்.

"கல்லு சில்லுன்னு இருக்குல்ல மாமா, அந்தச் சந்தோஷம்" என்றார் ராஜராஜன், தலைவரிடம் தொலைபேசியில்.

"மேளம் இல்லாதப்பவும் ஆடுது தம்பி."

"பாத்தீங்களா! அடுத்த மாசம் லீவுல வர்றேன். புள்ளைங்களுக்குக் காட்டணும்."

அரசப்பன் மட்டும் கைதட்டவில்லை. கலையுணர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவர் யாரிடமும் கேட்காமல் போய்க் கால்நடை மருத்துவர் நஜ்மாவை அழைத்து வந்துவிட்டார். டாக்டர் தரையில் உட்கார்ந்து, யானையின் பாதத்தை மடிமேல் தாங்கிக்கொண்டு, முகர்ந்து பார்த்தார். எங்கள் குழுவில் யாரும் அவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்ததில்லை.

"சார், இது ஆட்டம் இல்ல. வலி" என்றார் நடராசனிடம். "யானை நுனிவிரல்ல நிக்கிற ஜீவன். குதிகாலுக்குள்ள கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கும். அது மண்ணுல நடக்கறதுக்கு வச்சது. இந்தக் கல்லுலயே நின்னு, மூத்திரத்துல ஊறி, பாதம் வெடிச்சிருச்சு. ஒரு கால் வலிச்சா எடைய இன்னொரு காலுக்கு மாத்துது."

"தாளம் தப்பாம மாத்துதேம்மா?"

"நாலு காலும் ஒரே மாதிரி வலிக்குது சார்."

தலைவர் யோசித்தார். டாக்டர் விடவில்லை. "காட்டுல பொம்பள யானைங்க கூட்டமா வாழும். நாள்பூரா நடக்கும். தூரத்துல இன்னொரு யானை கூப்பிட்டா பாதம் வழியாவே தெரிஞ்சுக்கும். இங்க தனியா நிக்குது. காலுல என்ன கேக்கும்?"

"பக்கத்து மண்டபத்து ஜெனரேட்டரு" என்றார் அரசப்பன்.

"கல்லப் பேத்துட்டு மண்ணு போடுங்க. புண்ணு எலும்புக்குப் போச்சுன்னா படுத்துரும். அப்புறம் எழுப்ப முடியாது."

அன்று மாலையே அவசரக் கூட்டம். மண் தேவை என்பதை எல்லோரும் ஏற்றார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மண்ணில் உபயதாரர் பெயரை எங்கே பொறிப்பது? சிங்கப்பூர் பிரகதீஸ்வரி அம்மாளைக் கேட்டோம். "ஆர்ச்சு கட்டுறீங்கன்னா சொல்லுங்க" என்றார். மளிகைக்கடை மூஸா பாய் தானாகவே வந்து, "பேரெல்லாம் வேணாங்க, ரெண்டு லோடு மண்ணு நான் அடிக்கிறேன்" என்றார். பெயர் வேண்டாம் என்பவரின் உள்நோக்கம் என்ன என்று ஆராய மூவர் துணைக்குழு அமைத்தோம்.

துணைக்குழு ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே துபாயிலிருந்து ஆட்சேபம் வந்தது. "என் பேரு மேல மண்ணள்ளிப் போடுவீங்களா மாமா?"

நியாயம்தானே. விடிய விடிய யோசிக்காமல், அரை மணியில் தலைவர் தீர்வு கண்டார். தீர்மானம் எண் 11: கல்லைப் பெயர்த்து மண் நிரப்பப்படும். மண்ணின் மேல் அதே கல் மீண்டும் பதிக்கப்படும்.

"அப்ப மண்ணு எதுக்கு சார்?" என்றார் டாக்டர்.

"நீங்கதானம்மா கேட்டீங்க!"

மறுநாள் அரசப்பன் தீர்மானப்படி வேலை தொடங்கும்வரை காத்திராமல் யானையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாய்க்காலைத் தாண்டினால் ராஜராஜனின் ஒன்றரை ஏக்கர். அவர் விமானம் ஏறியதிலிருந்து நடவு இல்லை. மழைத்தண்ணீர் தேங்கி முழங்கால் அளவு சேறு. கோமளவல்லி ஒரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு நான்கையும் வைத்தது. சேற்றை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. காது மட்டும் அசைந்தது. உடம்பு அசையவே இல்லை.

தினமும் அங்கே போனார்கள். திரும்பும் வழியில் டாக்டர் மருந்துத் தண்ணீரில் கால்களைக் கழுவி அனுப்பினார். நான்கே வாரத்தில் ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. வேன்கள் வந்து, ஒரு யானை சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பின. ராஜராஜன் குடும்பத்தோடு வந்தார். பத்து நிமிடம் காத்திருந்தார்.

"ஆடலயே மாமா?"

குழு கடமை தவறாது. ‘ஆடிக்கொண்டிருந்த யானையை நிற்கவைத்த’ குற்றத்துக்காகப் பாகனை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் எழுதினேன். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அரசப்பனுக்கு எழுதத் தெரியாது. ஆகவே விதிப்படி அவருடைய பதிலையும் நானே எழுத வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க" என்றேன், பேனாவைத் திறந்து.

அவர் யானையின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எழுதுங்க தம்பி. அதுக்கு வலிச்சப்ப, நீங்க எல்லாரும் கைதட்டுனீங்க."