ஒருவரியார் விட்ட பலூன்

வாசகரே, இணையப் பக்கம் எழுதிப் பிழைக்கிறவர்களில் ஒருவரியார் என்றோர் இனம் உண்டு. அடுத்தவர் முடித்து வைத்த வேலையின் அடியில் ஒரே ஒரு வரி சேர்ப்பார். சேர்த்த கையோடு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு பக்கம் திறந்ததும் என்ன நடக்க வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் சொல்லி வைக்கலாம். பத்துப் பேர் வரிசையில் நின்று சொல்லவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் ஒருவரியாருக்கும் வரிசைக்கும் ஜென்மப் பகை. அவர் பிடிப்பது 'ஆன்லோடு', அதாவது 'திறந்ததும்', என்ற ஒற்றை நாற்காலியை. அவர் உட்கார்ந்தால், முன்பு உட்கார்ந்திருந்தவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். பிழைச் செய்தி வருமா? கணினி மூச்சு விடாது. வீட்டிலும் இதே கதைதான்: மனைவி வைத்த அலாரத்தின் மேலேயே தன் நேரத்தை வைத்துவிட்டு, எதையும் அழிக்கவில்லை என்று சாதிப்பார்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கேக் கடைக்குப் பக்கம் செய்தாள். கடைக்காரம்மா வந்து பார்த்துச் சரி என்றால் அவள் வேலை நிரந்தரம். எந்தக் கேக், எத்தனை கிலோ, மேலே யார் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கோத்து, பக்கம் திறந்ததும் ஆர்டர் பொத்தான் உயிர்பெறும்படி ஆன்லோடில் அவள் செய்து வைத்திருந்ததை எட்டிப் பார்த்த ஒருவரியார், வெறிச்சென்று இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, திறந்ததும் பலூன் பறக்க அதே ஆன்லோடில் ஒரு வரி போட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று.

கடைக்காரம்மா திறந்தார். பலூன் பறந்தது. பொத்தானை அமுக்கினார். அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. ஒருவரியாரோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படையே போதவில்லை என்று கடைக்காரம்மாவிடம் அங்கலாய்த்தார். நீங்கள் எதையாவது தொட்டீர்களா என்று அவள் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ணேன்? ஒரே ஒரு வரிதான் போட்டேன்."

அவள் கணினி முன் உட்கார்ந்தாள். அவர் வரிக்குக் கீழே ஏதோ தட்டினாள். கடைக்காரம்மா மறுபடி திறந்து அமுக்க, ஆர்டர் ஏறியது, வேலையும் உறுதியானது. பலூனைத்தான் காணோம்.

"என் பலூன் எங்கம்மா போச்சு?"

"தெரியலையேண்ணா. நானும் ஒரே ஒரு வரிதான் போட்டேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் இந்தப் பக்கத்தைத் திறந்த நேரத்தில் வீட்டில் யாரோ உங்களிடம் முக்கியமாக ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அது என்ன? நினைவில்லை, இல்லையா? போய்க் கேளுங்கள். அவர்கள் முறைத்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஒரே ஒரு பக்கம்தானே படிச்சேன்?"